கடலைப் பார்த்து நின்ற மாதா

கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால், கொற்றாழைத்துறைக் குருசடிக் கோயிலில் மாதா சுரூபத்தைக் கடல் பக்கம் திருப்பி வைப்பார்கள். நாற்பது நாள் காத்திருப்பு. அதற்கு மறுநாள் ஊர் பக்கம் திருப்புவார்கள். அப்புறம்தான் போனவன் பேருக்குப் பூசை. அப்புறம்தான் பெண்டாட்டி தாலியைக் கழற்றுவாள்.

கஸ்பாரின் அண்ணன் சந்தியாகுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. மூன்று நாளாகச் சாயங்காலம் எட்டு ஆள் சேர்ந்து மாதாவை ஊர் பக்கம் திருப்புகிறார்கள். விடிந்து பார்த்தால் மாதா கடலைப் பார்த்து நிற்கிறாள். பூட்டு பூட்டினபடி. தரையில் இழுத்த தடம் இல்லை.

"நம்ம கை கவிச்சி மாதாவுக்கு ஆகலையோ என்னவோ," என்றான் எட்டு பேரில் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

படகு கவிழ்ந்ததில் கரை சேர்ந்தவன் கஸ்பார் மட்டும். "அலை பிரிச்சிட்டு மதினி. அண்ணன் எங்கயாவது ஏறியிருப்பான்," என்று அண்ணன் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தான். அலை பிரிக்கவில்லை. பிடித்து மிதந்த ஒரு கேன் ரெண்டு பேரைத் தாங்கவில்லை. அண்ணனின் விரல்களைப் பிரித்தவன் இவன்தான். அதன்பின் கடலுக்குப் போகப் பிடிக்காமல், குருசடியைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பங்கிராசிடம் செபம் படிக்க வந்துவிட்டான். உபதேசியார் இவனுக்கு ஆறு வயது இளையவர்.

நாலாம் நாள் காலை கதவைத் திறந்ததும் மாதாவின் முதுகு தெரிந்தது.

"யார் திருப்புறது, உபதேசியாரே?"

உபதேசியார் மாதாவின் உடுப்போரத்தைப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இந்த மாதா வந்த கதை தெரியுமா அண்ணே?"

"கப்பல் உடைஞ்சு ஒதுங்கினது. ஊருக்கே தெரியுமே."

"தனியா ஒதுங்கல. ஒரு ஆள் கட்டிப் பிடிச்சு மிதந்து வந்தான். உசிரோட. முத்துக் குளிக்கப் போன ஒருத்தன் பார்த்தான். சுரூபம் நல்ல தேக்கு, விலை போகும். சுரூபத்தை மட்டும் கரைக்கு இழுத்துட்டு வந்தான்."

"அந்த ஆளு?"

"பிடிச்சிருந்த அவன் கையை எடுத்து விட்டுட்டான்."

கஸ்பார் தன் கைகளைக் கைலியில் துடைத்தான்.

"ஊர் பக்கம் பார்த்துதான் வச்சாங்க. விடிஞ்சா கடலைப் பார்த்து நிக்கும். எட்டாம் நாள் இழுத்துட்டு வந்தவனே ஊர் முன்னால வந்து சொன்னான்."

"அடிச்சே கொன்னிருப்பாங்களே!"

"காறித் துப்பினாங்க. மறுநாள் மாதா கடல் பக்கம் திரும்பல. அவனையே இங்க காவலுக்கு வச்சாங்க. எங்க பூட்டன்தான்."

உள்ளே காற்றே இல்லை. மெழுகுதிரி மட்டும் கடல் பக்கமாகச் சாய்ந்து எரிந்தது.

கஸ்பார் உபதேசியார் பக்கம் நெருங்கினான். "என் விஷயம்... உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்க விஷயம் எனக்குத் தெரியாதுண்ணே. என்கிட்ட சொல்லவும் வேண்டாம்." உபதேசியார் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். "உங்க மதினி வெளிய நிக்காங்க. தாலி கழுத்துல இருக்கணுமா வேண்டாமான்னு தினமும் கேக்காங்க. இன்னைக்கு நான் என்ன சொல்லட்டும்?"