கண்ணுக்குத் தெரிந்த காற்று

மதுரையில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் காற்று போய்வர நடுவில் கூண்டு மாதிரி விட்டிருக்கும் டக்ட்டைப் பார்த்துத்தான் திறக்கும். மொட்டைமாடியில் அந்த டக்ட்டின் வாயைப் பலகை போட்டு மூடி, அதன்மேல் தனக்கொரு ஆபீஸ் ரூம் கட்டிக்கொண்டார் சங்கச் செயலாளர் அம்பலவாணன். அன்றிலிருந்து கீழே வைத்த மீன் குழம்பு மூன்று நாளைக்குக் கட்டடத்தை விட்டுப் போகாது. சுவரெல்லாம் பூஞ்சை, பிள்ளைகளுக்கு ஓயாத இருமல். அம்பலவாணன் மட்டும் ரூமில் ஊதுபத்தி ஏற்றிவைத்துக்கொள்வார்.

தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்த செண்பகம் போய்க் கேட்டாள்.

"டக்ட்டைத் திறந்து விடுங்க சார். காத்து போக வழியில்லாம உள்ளயே நிக்குது."

"வாடகைக்காரங்களுக்குச் சங்கத்துல பேச்சே கிடையாது," என்றார் அவர். "நிக்கிற காத்தை என் கண்ணுக்குக் காட்டும்மா. பலகையை நானே பிடுங்கிப் போடுறேன்."

"காட்டிரலாம் சார்."

ஞாயிற்றுக்கிழமை அந்த ரூமில் சங்கக் கூட்டம். "நம்ம கட்டடத்துக் காத்து இருக்கே," என்று அவர் பெருமையாக ஆரம்பித்த நேரம், கீழே செண்பகம் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுக்க ஆரம்பித்தாள். நெடி டக்ட்டில் ஏறி, பலகையில் முட்டி, இடுக்குகளில் புகுந்து கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஊதுபத்தி என்ன செய்யும்? உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். அம்பலவாணனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

செண்பகம் கரண்டியோடு மாடியேறி ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"காத்து தெரியுதுங்களா சார்? தெரியலேன்னா இன்னும் அரைக் கிலோ மிளகாய் இருக்கு."

பலகையைப் பிடுங்கும் தீர்மானம் அப்போதே நிறைவேறியது. எதிர்த்துப் பேச ஒருத்தருக்கும் தொண்டை இல்லை.