மரியசெல்வத்தின் கிட்டார்

"டீச்சர், இவ்வளவு விலை குடுத்து வாங்கிட்டேன். இது தகுமா?"

மரியசெல்வம் கிட்டார்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். திறக்கவில்லை.

அவருக்கு நாற்பத்தேழு வயது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். லாரி நீளப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து அந்தரத்தில் தூக்கி இறக்கும்போது தடுமாறாத கை, இப்போது பெட்டிக் கொக்கியைத் தொடத் தயங்கியது.

ஜெனிபா அவரைவிடப் பதினாறு வயது இளையவள். மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவள். இரண்டு வருடமாக அவளிடம்தான் கற்றுக்கொள்கிறார்.

"வாசிச்சுப் பாத்தீங்களா அண்ணே?"

"வாங்கி மூணு வாரமாச்சு. இன்னும் இல்ல."

"ஏன்?"

"பயமா இருக்கு. நகம் பட்டா பாலிஷ் போயிரும். கடல் காத்துல கம்பி துருப்பிடிச்சிரும். கதவப் பூட்டிட்டுத் திறந்து பாப்பேன். துடைப்பேன். மூடிருவேன். என்ன விலைன்னு வீட்டுல இன்னும் சொல்லல."

குரலைத் தாழ்த்தினார்.

"இதுல வாசிச்சும் என் வாசிப்பு பழைய மாதிரியே இருந்துட்டா?"

ஜெனிபா கையை நீட்டினாள்.

"சாயங்காலம் மாதா கோயில் திருவிழாவுல எங்க கச்சேரி. இதக் குடுங்க."

அவர் பெட்டியை ஒரு முறை துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் மேடைக்கு முன்னால், முதல் ஆளாகப் போய் நின்றார்.

காற்று பந்தல் துணியை அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மூங்கில் ஆடியது. அது விழுந்தால் நேரே ஜெனிபா மேல்தான் விழும். ஸ்பீக்கர் மேல் யாரோ மூடாத தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார்கள். மரியசெல்வம் பாட்டிலைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார்.

பாட்டு நடுவில் பாடகரின் கால் கிட்டார் வயரில் சிக்கியது. கிட்டார் வெடுக்கென்று இழுபட்டது.

அவருக்கு மூச்சு நின்றுவிட்டது.

ஜெனிபா வயரை உதறிவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தாள்.

கச்சேரி முடிந்ததும் அவர் படியில் தாவி ஏறினார். கிட்டாரை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பினார். கீறல் இல்லை. அப்புறம்தான் மூச்சு வந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் மேடையோரம் வந்து ஜெனிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கடைசிப் பாட்டுல அழ வச்சிட்டியேம்மா."

அவள் போன பிறகு ஜெனிபா திரும்பினாள்.

"சொல்லுங்கண்ணே. தகுமா?"

மரியசெல்வம் வாயைத் திறந்தார்.

மூங்கில் நினைவுக்கு வந்தது. பாட்டில் நினைவுக்கு வந்தது. வயரில் சிக்கிய செருப்பின் நிறம்கூட நினைவுக்கு வந்தது. கண்ணை மூடி இன்னும் தேடிப் பார்த்தார்.

"டீச்சர்... கடைசியா என்ன பாட்டு வாசிச்சீங்க?"