புகாரே இல்லாத மாணவன்

கருங்காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அதில் முயலும் படித்தது, மலைப்பாம்பும் படித்தது. கல்லூரிக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டாகிவிட்டதால் யாரும் தின்பதில்லை என்று பேராசிரியர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது இரண்டு மாணவர்களை அக்கரைக் காட்டுக்கு மேற்படிப்புக்கு அனுப்புவது அங்கே வழக்கம். தங்குவதற்கு ஒரு குகை, தின்பதற்குக் கிழங்கு, படிப்பதற்கு விதவிதமான மூலிகைகள்! ஆற்றின் குறுக்கே பொந்து விழுந்த மருதமரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. மேலே நடந்தால் பாசி வழுக்கிவிடும்; பொந்துக்குள் புகுந்து போனால் மறுபக்கம் அக்கரைதான்.

போன வருடம் போன குரங்குகள் இரண்டும் கல்லூரியின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டன. வரவேற்புரை பேசிக்கொண்டிருந்த கரடியின் காதில் புல்லை விட்டு ஆட்டியிருக்கின்றன! "இனிமேல் ஒழுங்கான பிள்ளைகளாகப் பார்த்து அனுப்புங்கள்" என்று அக்கரையிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதனால் இந்த வருடம் ஒரு தகுதி ஆய்வுக் குழு போட்டார்கள். தலைவர், காட்டெருமைப் பேராசிரியர் திமிலர். உறுப்பினர், ஆந்தைப் பேராசிரியர் முழியர். குழுவுக்கு ஏவல் வேலை செய்ய ஓட்டாண்டி என்ற ஆமை.

ஆய்வு செய்யும் முறை ரொம்பச் சுலபம். மாணவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். "இவர்மேல புகார் உண்டா?" என்று, மாணவர்களும் பெற்றவர்களும் கூடியிருக்கும் கூட்டத்தைப் பார்த்துத் திமிலர் கேட்பார். பாதிக்கப்பட்டவரே நேரில் வந்து சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது.

முதலில் அணில் வந்தாள். "பாடம் நடக்கிறப்போ கொட்டை உடைக்கிறா!" என்று கீரிப்பிள்ளை கத்தினான். "உடைச்ச ஓட்டை என் தலையில போடுறா!" என்றான் உடும்பு. திமிலர் தலையை ஆட்டினார். அணில் தகுதியில்லை.

அடுத்து மைனா. அவள்மேல் புகார் சொன்னது முழியரேதான். "எதைச் சொன்னாலும் 'ஏன்?'னு கேட்கிறா. எனக்கே பதில் தெரியலை!" மைனாவும் தகுதியில்லை.

பிறகு தும்பை என்ற சருகுமான் வந்து நின்றாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிய உடம்பு, குச்சி குச்சியாகக் கால்கள். போன மழையில் அவள் தம்பிகள் இரண்டு பேரும் குளம்புப் புண் வந்து செத்துப்போனார்கள். அந்தப் புண்ணுக்கு வேர் மருந்து அக்கரையில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டு வரவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

"ராத்திரியெல்லாம் படிக்கிறேன்னு சருகுல நடந்து சத்தம் போடுறா. தூக்கமே இல்லை!" என்றது இருவாச்சிப் பறவை.

"சருகுமான் சருகுல நடக்காம வேற எங்க நடக்கும்?" என்று அணில் கேட்டாள். திமிலருக்கே அது நியாயமாகப் பட்டது. சத்தமில்லாமல் நடக்க வேண்டும் என்று எச்சரித்து, தும்பைக்கு இரண்டாவது இடம் கொடுத்தார்.

முதல் இடம் இன்னும் காலியாக இருந்தது. "சாந்தசீலன் எங்கே? போய்க் கூட்டிட்டு வா!" என்று ஓட்டாண்டியை அனுப்பினார்கள்.

சாந்தசீலன் ஒரு மலைப்பாம்பு. கடைசி வரிசையில் சுருண்டு கிடப்பான். கொட்டை உடைக்க மாட்டான், கேள்வி கேட்க மாட்டான். வகுப்பில் இப்படி ஒரு மாணவன் இருந்தால் எந்தப் பேராசிரியருக்குத்தான் பிடிக்காது?

வெகுநேரம் கழித்துச் சாந்தசீலன் மட்டும் மெதுவாக ஊர்ந்து வந்தான். நடு உடம்பில் பெரிதாக ஒரு புடைப்பு.

"உன்னைக் கூப்பிட வந்த ஓட்டாண்டி எங்கேப்பா?"

"பின்னால வர்றாருங்க ஐயா. ஆமைதானே, நிதானமா வருவாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். திமிலர் கூட்டத்தைப் பார்த்து, "சாந்தசீலன்மேல புகார் உண்டா?" என்று கேட்டார். சத்தமே இல்லை. மறுபடியும் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"பார்த்தீங்களா! ஒரு புகார்கூட இல்லை!" என்று முழியர் இறக்கையைத் தட்டினார். "இவனல்லவா மாணவன்! முதல் இடம் இவனுக்குத்தான். இவனும் தும்பையும் மழைக்காலம் முழுக்க ஒரே குகையில தங்கட்டும்."

தும்பை அவசரமாக ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா, நான் சேர்ந்தப்போ எங்க வகுப்புல முயல் மட்டுமே ஒரு கூட்டம் இருந்துச்சு. இப்போ ஒண்ணுகூட இல்லைங்க!"

"படிப்பைப் பாதியில விட்டுட்டாங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அக்கறை எங்கே இருக்கு?" என்றார் முழியர்.

"அத்தனை பேரும் சாந்தசீலன் பக்கத்துல உட்கார்ந்தவங்க ஐயா!"

"அப்படியா? இவனோட அறிவைப் பார்த்துத் தாழ்வு மனப்பான்மை வந்திருக்கும்."

திமிலர் குறுக்கிட்டார். "தும்பை, நேராப் பேசு. உனக்கு இவன் ஏதாவது கெடுதல் பண்ணினானா?"

"இன்னும் பண்ணலைங்க ஐயா."

"பண்ணின பிறகு வந்து சொல்லு. உடனே நடவடிக்கை எடுப்போம்!"

"பண்ணின பிறகு நான் எப்படிங்க ஐயா வருவேன்?"

திமிலருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பயமா இருந்தா நீ போக வேண்டாம். உன் இடத்தை வேற யாருக்காவது குடுத்துடலாம்."

தும்பை தம்பிகளை நினைத்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனால் உயிருக்கு ஆபத்து, போகாவிட்டால் வேர் மருந்து கிடைக்காது. என்னதான் செய்வாள் பாவம்?

அப்போது எங்கிருந்தோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் வந்தது. "ஐயா... புகார் இருக்குங்க..."

"யாரது? எழுந்து நின்னு பேசு!" என்றார் திமிலர்.

"எழுந்திருக்க இடமில்லைங்க ஐயா!"

"அப்போ முன்னால வா!"

"வழி இல்லைங்க ஐயா!"

குரல் சாந்தசீலனின் வயிற்றிலிருந்து வந்தது. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அசடு வழிந்தான். "வயித்துல கொஞ்சம் உப்புசம் ஐயா. அதுதான் சத்தம் போடுது."

"உப்புசம் 'ஐயா'ன்னு கூப்பிடுமா?" என்று அணில் கேட்டாள்.

"மரியாதை தெரிஞ்ச பிள்ளையோட வயிறு, கூப்பிடும்!" என்றார் முழியர்.

திமிலர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "எதுவா இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் நேர்ல வரலை. விதிப்படி புகார் தள்ளுபடி!" என்று சொல்லிவிட்டார்.

இவர்களிடம் வாதாடிப் பயனில்லை என்று தும்பைக்குப் புரிந்துவிட்டது. நேரில் வந்தால்தான் கேட்பார்கள் என்றால் நேரில் வரவழைக்க வேண்டியதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பணிவாகச் சொன்னாள். "சரிங்க ஐயா. என் சந்தேகம் தீர்ந்துச்சு. ஆத்துல வெள்ளம் ஏறுது, இப்பவே கிளம்பிடலாம். முதல் இடம் வாங்கின அண்ணன் முதல்ல போகட்டும்!"

கூட்டம் ஆற்றங்கரைக்கு வந்தது. சாந்தசீலன் மருதமரப் பொந்துக்குள் ஜம்மென்று தலையை நுழைத்தான். கழுத்து போயிற்று. புடைப்பு வாசலில் வந்து சிக்கிக்கொண்டது! நெளிந்தான், முக்கினான், ஒரு விரற்கடைகூட நகர முடியவில்லை. தலையை வெளியே இழுத்துக்கொண்டு, "நாளைக்குப் போகலாமே" என்றான்.

"நாளைக்கு வெள்ளத்துல மரமே போயிடும் அண்ணே!" என்றாள் தும்பை. "அக்கரையில முயலுங்க எல்லாம் உங்களை வரவேற்க வந்து நிக்குதாம். புதுக் காடு, கிழங்கா தின்னு கொழுகொழுன்னு இருக்காம். நீங்க எப்படிப்பட்டவர்னே அதுங்களுக்குத் தெரியாது. அதுதான் பாவமா இருக்கு!"

சாந்தசீலன் வாயில் எச்சில் ஊறியது. உள்ளே கிடப்பதோ வெறும் ஓடு, இன்னும் செரித்தபாடில்லை. அங்கே நிற்பதோ கொழுத்த முயல் கூட்டம். "ஒரு நிமிஷம் ஐயா" என்று திரும்பி, வாயை அகலமாகத் திறந்து ஓங்கரித்தான்.

களுக்!

வழவழவென்று ஒரு பெரிய உருண்டை வெளியே விழுந்தது. உருண்டுபோய்த் திமிலரின் காலடியில் நின்றது. அதிலிருந்து மெல்ல ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"ஐயா, நேர்ல வந்துட்டேன்! புகார் இருக்கு!" என்றான் ஓட்டாண்டி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நழுவப் பார்த்த சாந்தசீலனின் வாலைத் திமிலர் குளம்பால் அழுத்திக்கொண்டார்.

"தெரியாம நடந்துடுச்சு ஐயா! ஒரே ஒரு தடவைதான்! இதுக்கு முன்னால என்மேல ஒரு புகாராவது வந்திருக்கா?" என்று அவன் கெஞ்சினான்.

"அதுவும் சரிதானே" என்று முழியர் இழுத்தார்.

தும்பை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "யாருக்குப் புகார்னு இனிமே கேட்க வேண்டாம். யார் யார் இங்கே இல்லைன்னு சொல்லுங்க!"

சிரிப்பு சட்டென்று நின்றது. பிறகு கிழட்டு முயல் ஒருத்தி எழுந்தாள். "என் பெரிய மகன் இல்லைங்க. படிப்புக்குப் பயந்து எங்கேயோ ஓடிட்டான், ஓடுகாலிப் பயல்னு ஊரெல்லாம் அவனைத் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் தங்கச்சி இல்லை" என்றது காடை. "எங்க வீட்டுல ரெண்டு பேர்" என்றது காட்டுக்கோழி. ஒவ்வொருவராக எழுந்துகொண்டே இருந்தார்கள். திமிலர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. முழியர் முதல்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாந்தசீலனைக் காட்டைவிட்டே துரத்தினார்கள். எந்தப் பக்கம் போனாலும் அவன் வருவதை முன்கூட்டியே கத்திச் சொல்ல மைனாக்கள் பறந்து போயின. அன்று சாயங்காலமே தும்பை மருதமரப் பொந்துக்குள் புகுந்து அக்கரைக்குப் போனாள். அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கரையிலேயே காத்து நின்ற கிழட்டு முயல் வீடு திரும்பினாள்.

ஒருவன்மேல் புகாரே இல்லை என்பதால் மட்டும் அவனை நல்லவன் என்று நம்பிவிடக் கூடாது. புகார் சொல்ல வேண்டியவர்கள் எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டும்.