மூடி போட்ட தட்டு

கொடைக்கானல் மலையில் ஒரு சின்ன மடம். அதை நடத்தியவள் அமிர்தவல்லி. அவளுக்குச் சீடராக வாய்த்தவரோ, அவளைவிடப் பத்து வயது மூத்த லாரி டிரைவர் ஒச்சப்பன். குரு சீடரை 'அண்ணே' என்பாள். சீடர் குருவைத் 'தாயி' என்பார். கேட்பவர்களுக்குத்தான் வேடிக்கை.

பிராந்தி இல்லாமல் பொழுது விடியாத மனுஷர் ஒச்சப்பன். லோடு இறக்க மலைக்கு வந்த இடத்தில், யாரோ கொடுத்த போதைக் காளானைத் தேனில் குழைத்துத் தின்றார். அன்றோடு குடி போச்சு. கூடத் தின்ற கிளீனர் சாயங்காலமே போய் எப்போதும்போலக் குடித்தான். ஒச்சப்பன் சொந்த ஊரான உசிலம்பட்டிக்குப் போக வெட்கப்பட்டு, மடத்தில் விறகு பிளந்துகொண்டு தங்கிவிட்டார். மழைக்காலம் வந்து போனது.

ஒருநாள் காலையில் அந்தக் காளான் குழைத்த தேன் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"தாயி, வேதாளம் மறுபடி முருங்கைமரம் ஏறப் பாக்குது. நேத்து பிராந்திக் கடை வாசல்வரைக்கும் போயிட்டேன். பயமா இருக்கு. இதுல இன்னொரு கரண்டி தின்னுக்கிறட்டுமா?"

"தின்னா?"

"எம் மக பேச்சி தெரிவா. அன்னைக்கு அப்படித்தான் கண்ணு முன்னால நின்னா. கையில சோத்துத் தட்டு. 'அப்பா வராம சாப்பிட மாட்டேன்'னு வாசல்லயே நிக்கிறா. அதுக்கப்புறம் பிராந்தி வாடையே ஆகலை."

"கிளீனருக்கு யாரு வந்து நின்னா?"

"யாரும் நிக்கலை. கலர் கலராப் பாம்பு ஓடுச்சாம்."

"சரி. பேச்சியைப் பாத்தீங்க. அப்புறம்?"

"கொஞ்ச நாள் நல்லா இருந்தேன்."

"இப்பத் தின்னா?"

"மறுபடி கொஞ்ச நாள்..."

அமிர்தவல்லி பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். திருகி மூடினாள். திட்டவுமில்லை, வெளியே வீசவுமில்லை. அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"தட்டுல என்ன குழம்புண்ணே?"

"தெரியலையே தாயி. மூடி போட்டிருந்தா."

கீழே இறங்கும் உசிலம்பட்டி பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.

"இன்னொரு தடவை தின்னாலும் மூடிதான் தெரியும். போங்கண்ணே. புள்ள இன்னும் சாப்பிடலை."