மதிலைச் சுற்றி வந்த செக்குகள்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரன் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் மூடவில்லை. அவன் நெடுமதிலூர் அரசர் வல்லபமாறனின் பங்காளி. அடுத்த நாட்டுக்கு அரசன். எங்கிருந்தோ ஒரு பெரிய வணிகன் தன் நாட்டுக்கு வந்து சாயப்பட்டறை வைத்திருக்கிறான் என்று ரசம் வரை சொன்னதையே சொன்னான். பாயசம் வந்தபோது, "உங்க ஊர்ப்பக்கம் அப்படி யாரும் எட்டிப் பார்க்கறதில்லையோ?" என்று கேட்டான். மாறனுக்குப் பாயசம் கசந்தது.

ஊர் திரும்பியதும் ஆள் அனுப்பினார். திரவியநாதன் என்ற எண்ணெய் வணிகன் கிடைத்தான். ஒரே கூரையின் கீழ் நூறு செக்கு ஓட்டுவதாகச் சொன்னான். நிலம் சும்மா வேண்டும், பத்தாண்டுக்குச் செக்கு வரி கூடாது, கையில் ஒரு பொன்முடிப்பும் வேண்டும் என்றான். இல்லாவிட்டால் உங்கள் பங்காளியிடம் போகிறேன் என்று மெதுவாக ஒரு வார்த்தை போட்டான். அந்த வார்த்தை போதுமாயிருந்தது.

அரசவையில் பிச்சாண்டி மட்டும் தலையைச் சொறிந்தான். மன்னருக்கு யோசனை சொல்வது அவன் வேலை. அதைக் கேட்காமலிருப்பது மன்னரின் வழக்கம். நம் ஊரில் செக்காடும் குடும்பங்கள் ஒரு தெரு நிறைய இருக்கின்றன, அவர்கள் கட்டிய வரியை எடுத்து அவர்கள் அடுப்பை அணைக்க வருகிறவனுக்குக் கொடுப்பதா, அப்புறம் அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டான்.

"உள்ளூர் ஆள் எங்கே போய்விடப் போகிறான்?" என்றார் மன்னர். "நீ ஆணையை எழுது."

பிச்சாண்டி எழுதினான். திரவியநாதன் ஒருவன் பெயரை மட்டும் போட்டால் மன்னரின் பெருந்தன்மை குறைந்து தெரியுமே என்று இழுத்தான். மாறனுக்கு அது பிடித்தது. 'மதிலுக்கு வெளியிலிருந்து செக்கு கொண்டுவந்து இந்நகரில் வைப்பவர் எவராயினும்' என்று ஆணை மாறியது. சனிக்கிழமை காலை மேற்கு வாசலில் மன்னரே நின்று மாலை போடுவார் என்றும் பறை அறைந்தார்கள்.

சனிக்கிழமை விடிந்தது. எண்ணெய்க் குளியல் இல்லாமல் மன்னருக்குச் சனிக்கிழமை கிடையாது. இடுப்பில் துண்டோடு மணையில் உட்கார்ந்தார். வெந்நீர் கொதித்தது. சீயக்காய் கரைந்து நின்றது. எண்ணெய் மட்டும் வரவில்லை. ஊரில் சொட்டு நல்லெண்ணெய் இல்லை, செக்குத் தெருவே காலி, நேற்றுப் பொழுது சாய்வதற்குள் மாடு கன்றோடு கிழக்கு வாசல் வழியாகப் போய்விட்டார்கள் என்று பணியாள் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

மன்னருக்கு, உள்ளூர் ஆள் எங்கே போய்விடப் போகிறான் என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அதற்குள் கொம்பு ஊதிவிட்டார்கள். வறண்ட தலையில் கிரீடத்தை வைத்துக்கொண்டு மேற்கு வாசலுக்கு ஓடினார். கிரீடத்துக்குக் கீழே அரித்தது.

வாசலுக்கு வெளியே வண்டிகள். கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மரச்செக்கு. மாட்டுக் கொம்புகளில் பூ. முதல் வண்டியிலிருந்து இறங்கியவன் குனிந்து கழுத்தை நீட்டினான். மன்னர் மாலையைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"நீ எல்லப்பன்தானே? செக்குத் தெரு எல்லப்பன்?"

"ஆமாங்க மகாராஜா. நேத்து வரைக்கும் உள்ளே இருந்தேன், வரி கட்டினேன். இன்னிக்கு வெளியிலேருந்து வர்றேன். மாலையைப் போடுங்க."

வண்டிகளுக்குப் பின்னால் ஒரு பல்லக்கு வந்து முட்டி நின்றது. திரவியநாதன் தலையை நீட்டி வழி கேட்டான். கடைசி வண்டிக்காரி நகரவில்லை. "வரிசையில வாங்கய்யா. இங்கே எல்லாருமே வெளியூருதான்," என்றாள்.

மன்னர் பிச்சாண்டியைத் தேடினார். அவன் மதில் நிழலில் ரொம்ப அடக்கமாக நின்றிருந்தான். அவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, பல்லக்கைப் பக்கவாட்டில் முன்னே அழைத்தார். வணிகரே, இத்தனை நாள் தொழில் எந்த ஊரில் என்று விசாரித்தார். கடற்கரைப் பட்டணத்தில் பத்தாண்டு நடத்தியதாக அவன் பெருமையாகச் சொன்னான்.

"நல்ல ஊராயிற்றே. ஏன் விட்டீர்?"

"இந்த வருஷத்திலிருந்து வரி கேட்கிறார்கள் அரசே," என்றான் திரவியநாதன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பிச்சாண்டி நிழலை விட்டு நகரவில்லை. "பதினோராம் வருஷம் இவரும் நமக்கு உள்ளூர்க்காரர் ஆகிவிடுவார், மன்னா. ஆனதும் கிளம்பிவிடுவார்," என்றான்.

மாறன் வண்டி வரிசையைப் பார்த்தார். கிழக்கே போனவர்கள் நேரே நடந்திருந்தால் இந்நேரம் பங்காளியின் ஊரில் செக்கு ஆடிக்கொண்டிருக்கும். மதிலைச் சுற்றித் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"வணிகரே, தாராளமாக உள்ளே வாரும். நிலத்துக்கு விலை உண்டு. செக்குக்கு வரி உண்டு. இவர்களுக்கு எப்படியோ அப்படியே உமக்கும்."

அப்படியானால் உங்கள் பங்காளியிடம் போகிறேன் என்றான் திரவியநாதன். மன்னர் முகம் மலர்ந்தது. "போய் வாரும். நான் விசாரித்ததாகச் சொல்லும்."

பல்லக்கு திரும்பியது. எல்லப்பன் இன்னும் கழுத்தை நீட்டியபடியே நின்றான். ஆணை ஆணைதானே, பொன்முடிப்பு உங்களுக்குத்தான் என்றார் மன்னர்.

"பொன்னு வேணாங்க. அது எங்க வரிதானே, பொக்கிஷத்திலேயே கிடக்கட்டும்," என்றான் எல்லப்பன். "நாளைக்குப் புதுசா ஒருத்தன் வந்தா, அவனுக்கு என்ன சலுகையோ அது எங்களுக்கும்னு மட்டும் சொல்லிடுங்க. ஒவ்வொரு தடவையும் செக்கைக் கழட்டி மாட்ட முடியாதுங்க, இடுப்பு போயிடும்."

அப்படியே ஆகட்டும் என்று மன்னர் மாலையை அவன் கழுத்தில் போட்டார். வண்டிகள் உள்ளே நுழைந்தன. மன்னர் மதில் நிழலுக்கு நடந்தார்.

"ஒரு தெருவையே கிளப்பி, என்னை வாசலில் நிறுத்திவிட்டாய். உன்னைத் தண்டிப்பதா, பரிசு கொடுப்பதா? நீயே சொல்."

"பரிசுதான், மன்னா. ஒரு சின்ன வரம்."

"கேள்."

பிச்சாண்டி இடுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குடுவையை எடுத்தான். அரிக்கிற தலை அதை வாசனையிலேயே கண்டுகொண்டது. புது நல்லெண்ணெய்.

"இனிமேல் ஆணை எதுவானாலும், பந்தியிலிருந்து எழுந்த கையோடு போடாதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலைச்சூடு இறங்கிய பிறகு போடுங்கள்."

மாறன் கிரீடத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, தலையை இரண்டு கையாலும் ஆசைதீரச் சொறிந்துகொண்டே சிரித்தார்.