தலைகீழாக நின்றபோது வந்தவர்

"அண்ணன் மூஞ்சியப் பார்த்தாலே எனக்குக் கொதிக்குதும்மா. நான் என்ன செய்ய?"

நல்லசிவம் இப்படிக் கேட்டது முதல் தடவை அல்ல. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்பவர், இந்தக் கோபத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

அப்பா இறந்த அன்று இவர் ஊர் வந்து சேர்வதற்குள் அண்ணன் கொள்ளி வைத்துவிட்டார். அப்பா முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க இவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதன்பிறகு அண்ணன் இரண்டு முறை மடத்து வாசல்வரை வந்தார். இரண்டு முறையும் இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மடத்தின் தலைவி மங்கையர்க்கரசி அம்மாள், நல்லசிவத்தைவிட வயதில் இளையவர். இருந்தாலும் இவருக்கு அவர் அம்மாதான்.

"மறுபடியும் அவர் வந்தா?"

"மடத்த விட்டே போயிருவேன்."

"சரி. நாளைக்குக் காலைல வழக்கம்போல சிரசாசனம் பண்ணுங்க."

அவ்வளவுதான் பதில். நல்லசிவத்துக்கு எரிச்சலாக வந்தது. வயிற்றுவலி என்று வந்தாலும் இந்த அம்மாள் தலைகீழாகத்தான் நிற்கச் சொல்வார்.

அந்த மடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தலைகீழாக நிற்பவர், யார் வந்தாலும் சரி, அம்மா சொல்லாமல் காலைக் கீழே இறக்கக் கூடாது.

மறுநாள் காலை முற்றத்தில் நல்லசிவம் தலைகீழாக நின்றிருந்தார். யாரோ வந்து அவருடைய முகத்துக்கு நேராக, மிக அருகில் உட்கார்ந்தார். எதுவும் பேசவில்லை.

"யாருன்னு தெரியுதா?" அம்மா கேட்டார்.

"தெரியலையே."

"என்னதான் தெரியுது?"

"கண்ணு தனியாத் தெரியுது, வாய் தனியாத் தெரியுது. சேர்த்து ஒரு முகமாப் பார்க்க வரமாட்டேங்குது."

"தெரியுறதச் சொல்லுங்க."

நல்லசிவம் கொஞ்சநேரம் பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் செவந்து வீங்கியிருக்கு. ராத்திரி பூரா அழுதிருப்பாரு போல. உதடு காஞ்சு வெடிச்சுக் கெடக்கு." அவர் குரல் தணிந்தது. "பாவம், யாரும்மா இவரு? மொதல்ல குடிக்கத் தண்ணி குடுங்க."

"நீங்களே குடுங்க. எறங்குங்க."

நல்லசிவம் காலை இறக்கினார். நெற்றியைத் தரையில் வைத்தபடி மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, பின்னால் இருந்த குடத்தின் பக்கம் திரும்பி எழுந்தார். செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு திரும்பினார்.

எதிரே அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

நல்லசிவத்தின் முகம் இறுகிவிட்டது. செம்பை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தன் அறைக்கு நடந்து கதவில் கை வைத்தார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை.

"இப்போ அழுத கண்ணுன்னு சொன்னீங்களே, அது யாரோடது?"

நல்லசிவம் நின்றார். கதவில் வைத்த கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு திரும்பிப் பார்த்தார்.

"வீட்ல யாருக்கு என்னாச்சுண்ணே?"