கப்பல் வேஷம் போட்ட தெப்பம்

ஒரு சிரிப்பு கைவசம் இருக்கிறது. இப்போது தரமாட்டேன். முதலில் பசி வரும், அப்புறம் கப்பல் வரும், அதற்கும் அப்புறம்தான் சிரிப்பு. பொறுக்க முடியாதவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்காருங்கள்.

வெகுகாலத்துக்கு முன்னே நெடுநீலி என்று ஓர் ஆறு. அதன் கரையில் கூடல்முனைக் கோட்டை. அதை ஆண்டவள் அரசி பெருங்கோதை. ஆற்றைப் பிடித்தால் நாட்டையே பிடித்த மாதிரி என்று கடலிலிருந்து கப்பல்களோடு ஏறி வந்தான் தளபதி அகலங்கன். கோட்டைக்கு எதிரே ஆழத்தில் நங்கூரம் போட்டான். மேலாற்றிலிருந்து வரும் நெல் படகு ஒன்றுகூடத் துறையைத் தொட முடியவில்லை.

மழை போயிற்று, முற்றுகை போகவில்லை. பனி போயிற்று, முற்றுகை போகவில்லை. வெயில் வந்து ஆறே பாதி போயிற்று, அப்போதும் போகவில்லை.

தினம் காலையில் அகலங்கன் கப்பல் மேலே நின்று வெண்கலத் தொண்டையில் கத்துவான்: "ஏ பெருங்கோதை! இன்றைக்கு என்ன சமையல்? வாசனையே வரவில்லையே!"

அரசி மதிலேறி இனிக்க இனிக்கப் பதில் சொல்வாள்: "நீ சாப்பிட வருவாய் என்றுதான் உலை வைக்காமல் காத்திருக்கிறோம், தம்பி!"

சொல்லிவிட்டு இறங்குவாள். உள்ளே களஞ்சியத்தில் தவிடுதான் மிச்சம். அழுவதற்குக்கூடப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை.

"நாளைக்குக் கதவைத் திறந்துவிடலாம், தாயே" என்றார் அமைச்சர், மூக்கால் அழுதபடி.

அரசி கோயில் வாசலில் கிடந்த தெப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டுதோறும் அம்மன் ஆற்றில் உலா வரும் தெப்பம் அது. அடியில் தட்டையான மிதவை, மேலே மூங்கிலும் துணியும். தண்ணீர் குறைந்த வருஷங்களில் ஊரார் ஆற்றில் இறங்கி, நடந்தே தள்ளிக்கொண்டு போவார்கள்.

"அம்மா, உன் வண்டியை ஒரு நாளைக்குக் கொடு" என்று கும்பிட்டாள் அரசி.

மறுநாள் பட்டப்பகலில், ஆற்றின் மணல்திட்டுப் பக்கம் ஒரு மாபெரும் கப்பல் தெரிந்தது! கொடிமரம், பாய், மேலே வைக்கோல் வீரர்கள். சுற்றிலும் தண்ணீர்வரை தொங்கியது பலகை போலத் தீட்டிய துணி.

"பிடியுங்கள் அதை!" என்று கர்ஜித்தான் அகலங்கன். நங்கூரங்கள் ஏறின. எல்லாக் கப்பல்களும் துரத்தின.

சுக்கான் பிடித்த கிழவர் பூதன் சொன்னார்: "ஐயா, ஒரு கழி விட்டு ஆழம் பார்க்கட்டுமா?"

"அவ்வளவு பெரிய கப்பலே மிதக்கிறது. கழி எதற்கு?"

தண்ணீர் நிறம் மாறியது. "ஐயா, கழி..."

"கழி எதற்கு?"

முன்னே ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. "ஐயா..."

"கழி எதற்கய்யா!"

சரக்! முதல் கப்பல் மணலில் செருகியது. சரக், சரக் என்று பின்னால் வந்தவையும் செருகிச் சாய்ந்தன. காலியான ஆழத்தில் நெல் படகுகள் ஜம்மென்று இறங்கி வந்து கோட்டைத் துறையைத் தொட்டன. முரசு அதிர்ந்தது. இரு கரையிலும் வில்லோடு எழுந்தது அரசியின் படை.

அகலங்கனுக்கோ இன்னும் விளங்கவில்லை. "அந்தக் கப்பல் மட்டும் எப்படிப் போகிறது? துடுப்புகூட இல்லையே! மந்திரமா?"

அப்போது துணி விழுந்தது. உள்ளே வரிசையாக நூற்றுக்கணக்கான மனிதர்கள், முழங்கால் தண்ணீரில். நடுவில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அரசி பெருங்கோதை.

"உலை வைத்தாயிற்று, தம்பி!" என்றாள். "நடந்தே வரலாம்!"

அகலங்கன் அந்த முழங்கால்களைப் பார்த்தான். சாய்ந்து கிடந்த தன் கப்பலைப் பார்த்தான். கொக்கைப் பார்த்தான். பிறகு, வெண்கலமெல்லாம் வற்றிப்போன குரலில் கேட்டான்:

"பூதா... அந்தக் கழி எங்கே?"

எதிரியின் உயரத்தைப் பார்த்துப் பாய்கிறவன், தன் காலடியில் எவ்வளவு ஆழம் என்பதை முதலில் அளந்துகொள்ள வேண்டும்.